அவளுக்கு இனித்தது எது?



'விருந்து' என்ற சொல்லோடு இன்றைய உரையைத் தொடங்க விரும்புகின்றேன். இன்று விருந்து என்றதும் எமக்கு உணவே நினைவுக்கு வருகிறது. பழந்தமிழிலோ அச்சொல்லுக்குப் புதுமை என்ற பொருள் உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வகை வனப்புகளைக் கூறுமிடத்து, புதிதாகப் புனையப்படும் செய்யுளுக்கு விருந்து என்றே பெயர் தந்துள்ளார். வீட்டுக்குப் புதிதாக வந்தவரும் விருந்தானார். அவருக்குப் படைத்த உணவும் விருந்தாயிற்று.

விருந்தோம்பலைப் பற்றி எம் இலக்கியங்கள் நிறையவே பேசியுள்ளன. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். முகர்ந்தால் வாடிவிடும் அனிச்சப்பூவை எடுத்துக்காட்டி, எம் முகம் சற்று வேறுபட்டாலே விருந்தினர் வாடிப்போவார் என்றார். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் புலவர், அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாத நல்லோர் இருப்பதாலேயே இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்று பாடியதைப் புறநானூற்றிலே காண்கின்றோம்.

இவையெல்லாம் வந்தோரையும் பிறரையும் உண்பித்து மகிழும் விருந்துகள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இருவர் மட்டும் இருக்கும் விருந்து. கொழும்பிலுள்ள உயர்தர ஆசிய உணவகங்கள், சீன உணவகமாயினும் யப்பானிய உணவகமாயினும், 'இருவருக்கான இராப்போசனம்' என்று விளம்பரம் செய்வதைப் பத்திரிகைகளில் நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு சிறு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவிலே ஒரு விளக்கு. அண்மையில் அத்தகைய மேசையொன்றில் அமரும் வாய்ப்பு எனக்கும் என் மனைவிக்கும் கிட்டியது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர், எம் இலக்கியத்தில் இருவர் விருந்து எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழாருடையது. ஆறே அடிகள். மணமான மகளின் இல்லறத்தைப் பார்த்துவரச் சென்ற செவிலித்தாய், திரும்பி வந்து பெற்ற தாயிடம் தான் கண்டதைச் சொல்கிறாள். புதுமணப்பெண் கட்டித் தயிரைத் தன் மெல்லிய விரல்களாற் பிசைந்திருக்கிறாள். உடுத்த சேலையைத் துவைத்து மாற்றவும் அவளுக்கு நேரமில்லை. தாளிதப் புகை கண்களை நிறைக்கிறது. அப்படித் தானே வருந்திச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் உண்டு, நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகத்திலே ஒரு மகிழ்ச்சி தோன்றுகிறது. அதுவும் உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாத அளவுக்குத்தான்.

செல்வம், மாளிகை, நகை என்று ஒன்றையும் புலவர் சொல்லவில்லை. தாளிதப் புகையையும் அழுக்கான ஒரு சேலையையும் வைத்தே ஓர் இல்லறத்தின் இனிமையைக் காட்டிவிட்டார். மகள் எப்படி வாழ்கிறாளோ என்று ஏங்கியிருக்கும் தாய்க்கு இதைவிட வேறென்ன செய்தி வேண்டும்? சங்கப் பாடல்களின் சுவையை மாணவருக்கு உணர்த்த வேண்டிய போதெல்லாம் நான் முதலில் எடுப்பது இந்தப் பாடலைத்தான்.

ஒருநாள் உயர்தர வகுப்பில் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், அவன் சாப்பிட்டிட்டான். அவ எப்ப சாப்பிட்டவ?"

வகுப்பு சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை. பாடலில் அதற்கு விடையில்லை என்று சொல்லிவிட்டு மேலே சென்றேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. அதனைக் கையில் எடுத்துக்கொண்டு சிலப்பதிகாரத்தைத் திறந்தேன்.

மதுரைக் காண்டத்தில் கொலைக்களக் காதை. கோவலனும் கண்ணகியும் ஆயர்பாடியில், மாதரியின் பொறுப்பிலுள்ள சிறு மனையில் தங்கியிருக்கின்றனர். கண்ணகி தன் கையாற் சமைக்கிறாள். வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழை, அரிசி, பால், நெய் என்று ஆயர் மகளிர் கொடுத்த பொருள்களை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கின்றார். காய் அரிந்ததில் அவளது விரல்கள் சிவந்தன. முகம் வியர்த்தது. கண்கள் சிவந்தன. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். பனையோலைத் தடுக்கிற் கோவலன் அமர்ந்தான். அவனது கால்களைக் கழுவி, நிலத்தில் நீர் தெளித்து, குருத்து வாழையிலை விரித்து, உண்ணுங்கள் என்றாள் கண்ணகி. அவன் உண்டான். பின்னர் வெற்றிலையும் பாக்கும் கொடுத்தாள்.

அதன் பிறகே அவன் அவளை அருகில் அழைத்து, பெற்றோரைப் பிரித்து உன்னை இப்படி நடக்கவைத்தேனே என்று வருந்துகிறான். நீங்கள் இல்லாதபோது அறவோருக்கு ஈயவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் முடியாமற் போனதே என்பது அவள் சொல்லும் குறை. ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு அவன் போனான். அவன் திரும்பவில்லை. ஆக, அவர்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ் உண்டதாக நாம் அறியும் கடைசி உணவு அதுவே.

இருவரும் உண்டதாக என்று சொல்லிவிட்டேன். உண்மையில் கோவலன் உண்டான் என்றே காவியம் சொல்கிறது. கண்ணகி உண்டாள் என்று இளங்கோ சொல்லவில்லை. அரிந்த காய்களின் பெயரெல்லாம் தெரியும் எமக்கு. அவற்றுள் கண்ணகிக்குப் பிடித்த காய் எது என்பது தெரியாது.

அன்பர்களே, இவ்விரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். உண்பவன் ஒருவன், பார்த்திருப்பவள் ஒருத்தி. சுவையைச் சொல்லும் வாய் ஆணுடையது. அந்தச் சொல்லைக் கேட்டு மலரும் முகம் பெண்ணுடையது. அந்த மலர்ச்சி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மையானது என்பதாலேயே புலவர் அதைக் கண்டார். நான் கேட்பது வேறு. அவளுடைய நாவுக்கு இனித்தது எது என்று யாராவது கேட்டார்களா?

எம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். அம்மாவுக்கு மீன் தலைதான் விருப்பம். அப்பம்மாவுக்கு அடிப்பிடித்த சோறுதான் ருசி. அக்காவுக்குக் கருகின தோசையில்தான் பிரியம். கலியாண வீட்டிலும் கோயில் அன்னதானத்திலும் முதற்பந்தியில் ஆண்களும் விருந்தினரும் இருப்பார்கள். சமைத்த பெண்கள் கடைசிப் பந்தியில், ஆறிய சோற்றோடும் வடித்தெடுத்த குழம்போடும் இருந்துகொண்டு, "பிந்திச் சாப்பிட்டால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும்" என்பார்கள். நண்டுக் குழம்பு வைத்த நாளில் பெரிய கால்கள் தகப்பனுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் போகும். உடற்சதை மற்றப் பிள்ளைகளுக்கு. சட்டியின் அடியிற் கிடக்கும் சின்னக் கால்களை உறிஞ்சிக்கொண்டு தாய் சொல்வாள்: "சின்னக் கால்தான் ருசி."

மீன் தலையிற் சுவையுண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நாட்டின் தாய்மார் அத்தனை பேருக்கும் மிஞ்சியதே பிடித்திருப்பது என்பது நாவின் இயல்பா, வழக்கத்தின் இயல்பா என்று கேட்கத்தான் வேண்டும். பிறருக்குக் கொடுத்ததன் நோவு பிறருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் அழகிய பொய் அது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, சொன்னவர்களே நம்பும் பொய்யாகவும் ஆகிவிட்டது.

இனி, நான் முன்னர் குறிப்பிட்ட மேசைக்கு வருகின்றேன்.

என்னிடம் படித்து இப்போது வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, எங்கள் திருமண நாளை எப்படியோ அறிந்து, முன்கூட்டியே பணம் கட்டி, "சேரும் ரீச்சரும் கட்டாயம் போகவேணும்" என்று ஒரு சீட்டைக் கையில் தந்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமையும் விரதமும் இல்லாத ஒரு நாள் பார்த்து நாங்கள் புறப்பட்டோம். கொழும்புக் கோட்டையிலே, 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அமைத்த பழைய வைத்தியசாலைக் கட்டடத்தில் இருக்கிறது அந்த உணவகம். 1996ஆம் ஆண்டு சனவரி மாதம் மத்திய வங்கியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் இக்கட்டடமும் சேதமுற்றது. அந்த ஆண்டுகளில் எம்மவர் அந்தத் தெருவில் இரவு நேரம் நடப்பதென்றால் அடையாள அட்டையைப் பத்துத் தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தனர். பின்னர் கட்டடம் புனரமைக்கப்பட்டு 2011இல் கடைகளுக்கும் உணவகங்களுக்குமாகத் திறக்கப்பட்டது. தடித்த சுவர்களும் தேக்கு வளைகளும் இன்றும் உள்ளன. நோயாளர் படுத்திருந்த இடத்தில் இப்போது விளக்கெரியும் மேசைகள்.

உணவகத்தின் பெயர் 'மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்'. நண்டு அமைச்சு என்று தமிழாக்கலாம். அமைச்சுகளுக்குப் பஞ்சமில்லாத எம் நாட்டில் நண்டுக்கும் ஒன்று இருப்பதில் வியப்பில்லை. யப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த சமையற் கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோருடன் சேர்ந்து 2011இல் அதனை ஆரம்பித்தார். ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலிற் பல தடவை இடம்பெற்றது. இலங்கையின் களப்பு நண்டு உலகப் புகழ் பெற்றது. ஆயினும் பெரிய நண்டுகளெல்லாம் விமானமேறிச் சிங்கப்பூர் போய்விடும். பிடித்த நாட்டவருக்கு அவற்றைக் காண்பதே அரிது. அந்த நிலையை மாற்றவேண்டும் என்பதே இந்த உணவகத்தின் தோற்றத்துக்குக் காரணம் என்பர்.

களப்பு நண்டு கண்டற் காட்டுச் சேற்றில் வாழ்வது. வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓட்டைப் பெறவேண்டும். ஓடு மாற்றிய புதிதில் உள்ளே சதையைவிட நீரே அதிகம். நல்ல நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே பாரத்தைக் கொண்டு சொல்லிவிடுவார்கள் எம் கரையோரத்தவர். என் மனைவி யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையில் வளர்ந்தவர். நண்டைப் பற்றி அவருக்கு எந்த அமைச்சும் பாடம் நடத்தத் தேவையில்லை.

உணவுப் பட்டியலில் நண்டுகள் நிறைப்படி வகுக்கப்பட்டிருந்தன. அரைக் கிலோவிலிருந்து தொடங்கி இரண்டு கிலோவுக்கு மேலும் போகிறது. விலையைப் பற்றிச் சொல்வதானால், சீட்டுத் தந்த மாணவர் வாழ்க என்று மட்டும் சொல்லலாம். எம்போன்ற ஆசிரியரின் பல நாட் சம்பளத்தை ஒரு நண்டு இரண்டு கால்களாலும் கவ்விக்கொண்டு போய்விடும்.

பரிசாரகர் பதுளைப் பக்கத்துத் தமிழ் இளைஞர். மிளகு போட்டது, உள்ளியும் மிளகாயும் போட்டது, கறியாக வைத்தது என்று வகைகளை விளக்கிவிட்டு, என் மனைவியைப் பார்த்து முதலிற் கேட்டார்.

"மேடம், உங்களுக்கு என்ன மாதிரி வேணும்?"

"இவருக்கு உறைப்புக் கூடாது" என்றார் மனைவி.

"சேருக்குச் சரி மேடம். உங்களுக்கு?"

நேயர்களே, அந்த இரண்டாவது கேள்விக்கு விடை வரச் சற்று நேரம் சென்றது. பாடசாலையில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குபவர் அவர். வீட்டில் யார் எதை உண்பார், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நித்திரையிற் கேட்டாலும் சொல்லக்கூடியவர். தன் விருப்பத்தைக் கேட்டதும் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். பின்னர் மெதுவாக, "மிளகு போட்டது" என்றார்.

நண்டு வந்தது. கழுத்தில் துணி கட்டிவிட்டு, ஓடு உடைக்கப் பாக்குவெட்டி போன்ற ஓர் இடுக்கியையும் தந்தார்கள். தட்டிலே ஒரு மனிதக் கையளவு பெரிய கால்கள் இரண்டும் மேலே இருந்தன. மனைவியின் கை அவற்றைத் தாண்டிப் பக்கத்திலிருந்த சின்னக் காலொன்றை எடுத்தது. நான் பெரிய காலொன்றை உடைத்து அவருடைய தட்டில் வைத்தேன்.

"இது உங்களுக்கு. எனக்குச் சின்னக் கால்தான் ருசி" என்றார்.

"அவ்வளவு ருசியெண்டால் எனக்கும் ஒண்டு தாருமன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னக் கால் என்னிடம் வந்தது. கடித்து, உறிஞ்சி, அதிற் கிடைத்தது பல்லிடுக்கிற் சிக்கும் அளவு சதை. அவர் பெரிய காலின் வெண்சதையை எடுத்து வாயில் வைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இஞ்சேருங்கோ, இது நல்லா இனிக்குது என்ன" என்றார்.

களப்பு நண்டின் சதைக்கு இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. மிளகின் காரத்துக்கு ஊடே அது நாவிற் படும். அவர் சொன்னது அந்த இனிப்பைத்தான். எனக்கோ கூடலூர் கிழாரின் பாடல் இடம் மாறி அமர்ந்ததுபோல இருந்தது. சுவையைச் சொன்னவர் அவர். கேட்டிருந்தவன் நான். அந்தச் செவிலித்தாய் அடுத்த மேசையில் இருந்திருந்தால் யாருடைய முகத்தைப் பார்த்துச் செய்தி சொல்லியிருப்பாளோ தெரியாது.

இவ்வளவையும் செய்தது நண்டா, மேசையா என்று யோசித்தால், மேசைதான் என்பேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மேசையருகே நின்று கேட்கப்பட்ட கேள்வி. உணவகம் என்பது மேலைநாட்டார் எமக்குத் தந்தது என்று பலர் நினைக்கின்றனர். சீனத்திலே சொங் வம்சத்தவரின் தலைநகராயிருந்த கைபெங்கில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரும் உணவகங்கள் இருந்தன. 1127இல் அந்நகர் பகைவர் கையில் வீழ்ந்தபின் தெற்கே இடம்பெயர்ந்த மெங் யுவான்லாவ் என்பவர், இழந்த நகரை நினைத்து ஒரு நூல் எழுதினார். 1147இல் அதற்கு முன்னுரை வரைந்தார். ஒருவர் சூடாக வேண்டுமென்பார், ஒருவர் குளிர்ந்தது வேண்டுமென்பார், ஒருவர் கொழுப்புள்ளது கேட்பார், ஆளுக்கொன்றாகச் சொல்வதையெல்லாம் பரிசாரகர் மனத்திற் பதித்து, அடுக்களையில் வரிசை பிசகாமல் ஒப்புவிப்பார் என்று அதில் எழுதியிருக்கிறார். ஊரை விட்டு வந்தவருக்கு உணவுக் கடைகளின் நினைவு ஏன் அத்தனை துல்லியமாக இருக்கும் என்பதை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்வது, உமக்கு எது வேண்டும் என்று ஆளாளைக் கேட்பதே உணவகத்தின் ஆதித் தொழிலாக இருந்திருக்கிறது என்பதை.

ஆசியாவின் பிற நாட்டு மேசைகளிலும் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க வழக்கங்கள் உள்ளன. யப்பானிலும் கொரியாவிலும் ஒருவர் தம் கிண்ணத்தைத் தாமே நிரப்புவதில்லை. எதிரிலிருப்பவர் அதை நிரப்புவார். அவருடையதை இவர் நிரப்புவார். சீன மேசையில் பொதுத் தட்டிலுள்ள நல்ல துண்டை எடுத்து மற்றவரின் கிண்ணத்தில் வைப்பது அன்பின் அடையாளம். பரிமாறுவோர் ஒருவர், பெறுவோர் ஒருவர் என்ற நிரந்தரப் பிரிவு அங்கே அந்த மேசைமட்டிலாவது இல்லை. கை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அந்த நாடுகளிலும் அடுக்களைக் கதை எம்முடையதைப் போன்றதே. சிங்கப்பூரின் புகழ்பெற்ற மிளகாய் நண்டை எடுத்துக்கொள்வோம். பெரிய உணவகங்களில் இன்று அந்த உணவுக்கு இலங்கை நண்டையே விரும்பி வாங்குகின்றனர். அதனை 1956ஆம் ஆண்டில் உருவாக்கியவர் செர் யாம் தியான் என்னும் பெண்மணி. நண்டை அவித்தே சமைத்துவந்த அவரிடம், வேறு விதமாகச் செய்து பாரேன் என்று கணவர் கேட்டாராம். தக்காளிச் சோஸ் சேர்த்துப் பார்த்தார். பின்னர் மிளகாயும் சேர்த்தார். கணவருக்குப் பிடித்துப்போயிற்று. தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கி, பின்னர் உணவகமாயிற்று. உலகப் பயணிகள் தேடிச் செல்லும் ஒரு விருந்து, கணவனின் நாவுக்காக மனைவி அடுப்படியில் நின்று கண்டுபிடித்ததுதான். குறுந்தொகைப் பெண்ணின் புளிக்குழம்புக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். பரிமாறுவதில்தானே பெண்ணுக்கு இன்பம், அதைப் பறிக்கலாமா என்று பெரியோர் கேட்பார்கள். பணம் கொடுத்து வாங்கும் உணவில் அன்பு எங்கே என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியில் உண்மையிருக்கிறது. உணவகத்தில் யாருடைய கண்ணிலே தாளிதப் புகை நிறைந்தது என்பது உண்பவருக்குத் தெரியாது. எந்தக் கடனீரேரியில் எந்த மீனவன் இரவிரவாக நீரில் நின்று பிடித்த நண்டு அது என்பதும் தெரியாது. பெரியது கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போக, பிடித்தவனின் வீட்டுச் சட்டியில் சின்னதுதான் வேகும். அங்கேயும் அவனுடைய மனைவி, சின்னக் கால்தான் ருசி என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். மேசை விளக்கின் ஒளி அவ்வளவு தூரம் எட்டுவதில்லை.

முதற்கேள்விக்கு விடையை எம் இலக்கியமே தந்திருக்கிறது. புறநானூற்றின் 235ஆம் பாடல், அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது. இதனைக் கையறுநிலைப் பாடல் என்று படிக்கின்றோம். விருந்துப் பாடலாகவும் படிக்கலாம். சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான். பெருமளவு கிடைத்தால் நாம் பாட, தானும் மகிழ்ந்து உண்பான் என்கிறார் ஔவையார். சோறு சிறிதானாலும் பலருடைய கலங்களோடு இருந்துதான் உண்பான். எலும்போடு கூடிய நல்ல இறைச்சி கண்ட இடமெல்லாம் எமக்கே கொடுப்பான். அது இனி இல்லையே என்பதுதான் அவருடைய அழுகை.

ஓர் அரசனை இழந்த புலவர் அவனது யானையையும் வெற்றியையும் முதலில் நினைக்கவில்லை. தட்டிலிருந்த நல்ல துண்டை அவன் எடுத்து அவருக்குக் கொடுத்ததை நினைக்கிறார். கொடுத்தவன் ஆண், பெற்றவர் பெண். கொடுத்தவன் மன்னன், பெற்றவர் பாணர் மரபிற் பாடிவந்த புலவர். அப்படிக் கொடுத்ததனால் அதியமானின் பெருமை எங்கே குறைந்தது? இன்றுவரை அவன் எம்மோடு வாழ்வதற்கு அந்த எலும்புத் துண்டும் ஒரு காரணம். ஆகவே, ஆண் பரிமாறுவதும், பெண் முதலில் உண்டு சுவை சொல்வதும் மரபுக்குப் புறம்பானவை என்று எவரும் சொல்லவேண்டாம். கூடலூர் கிழாரின் அடுக்களையும் எம் மரபு. ஔவையும் அதியமானும் உண்ட கலமும் எம் மரபுதான். முதலாவதை நாம் வீடுதோறும் காத்துவந்தோம். இரண்டாவதைப் பாடப் புத்தகத்தோடு விட்டுவிட்டோம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய உணவகங்களின் அடுக்களைகளில் பெரும்பாலும் ஆண்களே சமைக்கின்றனர். கோயில் மடைப்பள்ளியிலும் கலியாணச் சமையலிலும் அண்டாவைக் கிளறுவோர் ஆண்கள்தாம். சம்பளமும் பெயரும் கிடைக்குமிடத்தில் அகப்பை ஆணின் கைக்குப் பொருந்துகிறது. வீட்டு வாசலைத் தாண்டியதும் அது ஏன் பொருந்தாமற் போகிறதோ!

உயர்தர உணவகத்துக்குப் போங்கள் என்று சொல்வது இவ்வுரையின் நோக்கமன்று. எம்மிற் பெரும்பாலோருக்கு அது கட்டுப்படியாகாது; ஆகவேண்டியதுமில்லை. நல்ல நீலக்கால் நண்டை யாழ்ப்பாணத்துச் சந்தையில் வாங்கி, வறுத்து இடித்த தூளும் தேங்காய்ப்பாலும் விட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டால், அந்த மணத்துக்கு ஈடாக எந்தப் பட்டியலிலும் ஒன்றில்லை. அந்த மேசையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய பொருள்கள் இரண்டே. அவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஒன்று, எதிரே இன்னொரு நாற்காலி அல்லது இன்னொரு தடுக்கு. சமைத்தவர் சூடு ஆறுமுன் அதில் அமரவேண்டும். மற்றையது, பரிசாரகர் கேட்ட அந்தக் கேள்வி.

தொல்காப்பியர் புதியதை விருந்து என்றார். புதியவர் எவரும் வராத நாளிலும் ஒரு வீட்டில் விருந்து நிகழலாம். வருடக்கணக்காக எமக்குச் சோறிட்ட தாயிடம், மனைவியிடம், தமக்கையிடம், "உமக்கு எது விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. முதலில் உங்கள் விருப்பத்தையும் பிள்ளைகளின் விருப்பத்தையுமே சொல்வார்கள். பொறுமையோடு இரண்டாம் முறையும் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.